ஓய்வுநாளில் ஒரு சாட்சி

பராமரிப்பு வேலைக்கு வந்த உங்களில் சிலர் இப்போதுதான் முதல் வீட்டுக்குள் காலடி வைத்திருக்கிறீர்கள். வயதானவரை எப்படித் தூக்குவது, எப்படிக் குளிப்பாட்டுவது, எந்த மருந்தைச் சாப்பாட்டுக்கு முன் கொடுப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு வகுப்பு வைத்துச் சொல்லித் தருகிறார்கள். எங்கள் காலத்தில் வகுப்பு கிடையாது. கப்பலிலோ ரயிலிலோ சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்து இறங்கினோம், தெரிந்த ஒருவர் ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டார், உள்ளே போனோம். மற்றதெல்லாம் கை பழகப் பழக வந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

வகுப்பில் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரர் ஒன்று சொல்வார். நாம் பார்த்துக்கொள்ளும் கிழவர் வேறொன்று சொல்வார். இரண்டுக்கும் நடுவில் நாம் நிற்போம். சம்பளம் தருபவர் ஒருவர், நம் கையைப் பிடித்து நடப்பவர் இன்னொருவர். எனக்கு அப்படியொரு நாள் வந்தது. அதை நினைத்துப் பார்க்கும்போது இன்றைக்கும் மனம் கனக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், உங்களுக்கும் ஒருநாள் வரும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் லிபெர்த்தா வீதியில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்தேன். நான் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒரு யூத மதகுரு. ரபி என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். லிபியாவின் திரிப்போலியில் பிறந்து, அங்கிருந்து ஒரு பெட்டியோடு துரத்தப்பட்டு, இத்தாலியின் வடக்கே ஒரு சின்ன ஊரில் நெடுங்காலம் தொழுகைக் கூடம் நடத்தியவர். மனைவி இறந்த பிறகு, பலெர்மோவில் இருந்த ஒரே மகளிடம் வந்து சேர்ந்தார். மகள் மிரியம் மருந்துக்கடை வைத்திருந்தாள். கணவனை இழந்தவள். அவளுக்குக் கடவுளோடு பெரிய பேச்சுவார்த்தை இல்லை. சனிக்கிழமையும் கடை திறப்பாள். தகப்பன் அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதை நான் பார்த்ததில்லை.

பலெர்மோவில் அவருடைய ஆட்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் இந்தத் தீவிலிருந்து எல்லோரையும் விரட்டிவிட்டார்கள் என்று ஒருமுறை சாதாரணமாகச் சொன்னார், போன வாரம் நடந்ததைப்போல. அவர்களுடைய வழக்கப்படி சில வேண்டுதல்களைப் பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் சொல்லலாம். இறந்தவர்களுக்காகச் சொல்வதும் அதில் ஒன்று. மனைவியின் நினைவுநாளில் அவர் சுவரைப் பார்த்து நிற்பார். மற்ற வேண்டுதல்களைச் சொல்வார். அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு, அதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் சும்மா நிற்பார். பிறகு தொடர்வார். நான் கதவருகே நிற்பேன். நான் யாழ்ப்பாணத் தீவுப்பகுதிக் கத்தோலிக்கன், என்னையும் சேர்த்தால்கூட அவருக்குக் கணக்கு வராது.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சனிக்கிழமை நட்சத்திரம் தெரியும்வரை அவருக்கு ஓய்வுநாள். அந்த நேரத்தில் விளக்குச் சுவிட்சைத் தொடமாட்டார். லிஃப்டில் ஏறமாட்டார். தொலைபேசி, வாகனம், பேனா ஒன்றும் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாலை இருட்டில் தனியே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, பாவம், மறந்துவிட்டார் என்று விளக்கைப் போட்டேன். பிறகு நானாகக் கேட்டுத்தான் விளக்கினார். தனக்காக விளக்கைப் போடும்படி என்னிடம் சொல்ல அவருக்கு உரிமையில்லை. எனக்கு வெளிச்சம் தேவைப்பட்டு நான் போட்டால் அந்த வெளிச்சத்தில் அவர் இருக்கலாம். அதன்பிறகு வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவரருகே போய் உட்காருவேன், எனக்காக விளக்கைப் போட்டுக்கொண்டு.

அது அவரை உறுத்தியிருக்கிறது. ஒருநாள் மகளைக் கூப்பிட்டு, தன் ஓய்வைக் காப்பாற்ற இந்த வீட்டில் ஒருவர் ஓய்வில்லாமல் இருக்கிறார், தங்கள் வேதம் வேலைக்காரனும் ஓய வேண்டும் என்றுதான் சொல்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு விடுமுறை தரவேண்டும் என்று கேட்டார். அந்தக் காலத்தில் லிபெர்த்தாவில் தங்கி வேலை செய்பவனுக்கு முழு ஞாயிறு கொடுக்கும் வீடு அபூர்வம். மிரியம் அதைச் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. "இது நாம் அவருக்குச் செய்யும் தயவில்லை. தயவு என்று நினைத்தால் நாளைக்குத் திருப்பி எடுத்துவிடுவாய்" என்றார். அப்படித்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. காலையில் பூசைக்குப் போவேன், மத்தியானம் போர்கோ வெக்கியோவில் எங்கள் ஊர்ப் பெடியள் நாலைந்து பேர் தங்கியிருந்த அறையில் சோறும் மீன்குழம்பும். அவர்கள் என் வீட்டு முதலாளியைப் பற்றிக் கேட்டு நம்பவே இல்லை.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் வீடு நான்காம் மாடியில். அதே மாடியில், உள்முற்றத்துக்கு அந்தப் பக்கம், சின்யோரா கார்மெலா என்றொரு கிழவி இருந்தாள். அவளுடைய சமையலறை எங்கள் ஜன்னலுக்கு நேரெதிரே. அவளைப் பார்த்துக்கொண்டது யோகம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். புருஷன் எங்கே என்று தெரியாது. சின்ன மகளைத் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். முந்தின வருடம் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியபோது அந்தத் தமக்கையும் பிள்ளையும் வன்னிப் பக்கம் போனதாகக் கேள்விப்பட்டாளே தவிர, எங்கே இருக்கிறார்கள் என்ற சரியான செய்தி அவளுக்கு வரவில்லை. அப்படி இருந்தும் அவள் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கார்மெலாவுக்கும் அவளுக்கும் பொதுவான மொழி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் காலையிலிருந்து இரண்டு பேரும் கதைத்தபடியே இருப்பது முற்றத்தில் கேட்கும், ஒருத்தி சிசிலிப் பேச்சில், அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டபடி மற்றவள் தமிழில்.

கார்மெலாவின் மகன் நினோ கட்டட ஒப்பந்தக்காரர். கிழமைக்கு ஒருமுறை வருவார். வாசலில் எப்போதும் அவருக்காக ஒரு கார் காத்து நிற்கும். அவர் ஆர், எவர் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவர் லிஃப்டில் இருந்தால் மற்றவர்கள் படியால் போனார்கள், அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் அந்தப் பெரிய குண்டுகள் வெடித்து, மாஃபியாவை விசாரித்த நீதிபதிகள் கொல்லப்பட்ட கோடையில் எங்கள் தெருவில்கூடப் பால்கனிகளில் வெள்ளைத் துணி தொங்கவிட்டுத் தங்கள் கோபத்தைக் காட்டினார்களாம். நான் இந்தச் சம்பவத்தைப் பார்த்த காலத்தில் எல்லோரும் துணிகளை மடித்து உள்ளே வைத்துவிட்டிருந்தார்கள்.

அன்று காலை ரபி வழக்கம்போல முற்றத்தைப் பார்த்த ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். நான் குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், அது யோகத்தின் குரல். நான் ஓடிப் போனபோது கார்மெலா சமையலறைத் தரையில் கிடந்தாள். அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. காய்கறிப் பைகள் வாசலிலேயே சரிந்து கிடந்தன. நினோ யோகத்தைக் காட்டி, இவள்தான் என் தாயைத் தள்ளினாள் என்று பக்கத்து வீட்டார் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது. காவல்காரர்களும் வந்தார்கள். யோகத்தைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவள் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"சூசை அண்ணை, நான் கடைக்குப் போட்டு முற்றத்தாலை வரேக்கைதான் சத்தம் கேட்டது. நான் உள்ளையே இருக்கேல்லை."

அதை நான் அந்தக் காவல்காரரிடம் இத்தாலிய மொழியில் சொன்னேன். நீ பார்த்தாயா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அது அவருடைய பிழையும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் ஒவ்வொரு கதவாகத் தட்டி, யாராவது ஏதாவது பார்த்தீர்களா என்று விசாரித்தார். எங்கள் கதவை மிரியம் திறந்தாள். இந்த வீட்டில் ஒருவரும் ஒன்றும் பார்க்கவில்லை என்றாள். சொல்லும்போதே ஒரு கையால் பின்னாலிருந்த நடைக்கதவைச் சாத்தினாள். அதைக் கண்டபோதுதான் எனக்கு விளங்கியது, ரபி பார்த்திருக்கிறார்.

பார்த்தது மட்டுமில்லை, மகளிடம் சொல்லியும் இருக்கிறார். மிரியம் அவர் முன்னால் முழந்தாளிட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியதை நான் நடையிலிருந்து கேட்டேன். தான் இந்த ஊரில் தனியே கடை நடத்துகிறவள் என்றாள். அப்பாவின் இதயம் படி இறங்கும் நிலையில் இல்லை என்றாள். மருத்துவர் வெளியே போகக்கூடாது என்று சொன்னதை நினைவுபடுத்தினாள். அவர் மகளின் தலையைத் தடவினார். அவளுக்குக் கடை திறக்க நேரமாகிவிட்டது. போகும்போது என்னிடம், நான் வரும்வரை அப்பாவை ஜன்னல் பக்கம் விடவேண்டாம், யார் வந்தாலும் கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு ரபி என்னைக் கூப்பிட்டார். சூசை என்ற என் பெயரை அவர் யோசேப் என்று தன் மொழியில்தான் சொல்வார்.

"யோசேப், அந்தப் பெண்ணை என்ன செய்வார்கள்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வேலை போகும். வேலை போனால் இங்கே தங்குவதற்கான அனுமதியை, பெர்மெஸோவை, புதுப்பிக்க முடியாது. வழக்கும் வந்துவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம்.

"எங்கே அனுப்புவார்கள்?"

கொழும்புக்கு. அங்கே வடக்கிலிருந்து வந்த இளம்பெண்ணை எப்படிப் பார்ப்பார்கள், சோதனைச் சாவடிகள், பிடித்துக்கொண்டு போவது, போனவர்கள் சிலர் திரும்பாதது, எல்லாம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு,

"அனுப்பினால் அவள் உயிரோடு இருப்பாளா?" என்றார்.

தெரியாது என்றேன்.

"தெரியாது என்றால் போதும்" என்றார். "ஓய்வுநாளை மீற, உயிர் போகும் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று எங்கள் சட்டம் கேட்கவில்லை. காலுக்கு என் சப்பாத்தைக் கொண்டுவாரும்."

அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். நீங்கள் என்னுடைய நிலையில் இருந்து பாருங்கள். அவருடைய இதயம் பலவீனமானது, அது எனக்கு மருத்துவரைவிட நன்றாகத் தெரியும். படியிலோ காரிலோ அவருக்கு ஏதாவது நடந்தால் அது என் கையில் நடந்ததாகும். மிரியம் தெளிவாக வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். என்னுடைய பெர்மெஸோவும் அவள் தரும் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. யோகம் என் சொந்தக்காரியும் இல்லை. இதையெல்லாம் அந்தச் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்தேன். நல்லவனாக நினைக்கவில்லை, பயந்தவனாகத்தான் நினைத்தேன்.

ஆனால் ஒன்று இருந்தது. அவருக்குப் புத்தி தெளிவாக இருந்தது. உடம்பு எழும்ப முடியாததால்தான் நான் அந்த வீட்டில் இருந்தேன். அவர் போக விரும்பும் இடத்துக்கு அவருடைய கால்கள் போகாது என்பதற்காகத்தானே என்னை வைத்திருக்கிறார்கள். அவருடைய காலாக இருப்பதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அவர் நடக்க நினைத்த நேரத்தில் நான் மாட்டேன் என்று சொன்னால், நான் பராமரிப்பவன் இல்லை, காவல் காப்பவன். இதை உங்களுக்கு விதியாகச் சொல்லவில்லை. புத்தி தடுமாறியவர் கேட்டால் அது வேறு. ஒவ்வொரு முறையும் நீங்களே எடைபோட வேண்டும்.

ஒளித்துச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மருந்துக்கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். ரபி காவல் நிலையத்துக்குப் போகப்போகிறார், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். மிரியம் முதலில் கோபித்தாள், பிறகு அழுதாள், நான் வரும்வரையாவது பொறு என்றாள். வந்தால் அவள் விடமாட்டாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சின்யோரா, நான் அனுமதி கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியாமல் செய்யக்கூடாது என்று சொல்கிறேன். மாத்திரை என் பையில் இருக்கிறது. மெதுவாகத்தான் போவோம்" என்றேன்.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

கதவைத் திறந்து வெளியே வந்தோம். படியால் இறங்க அவரால் முடியாது. லிஃப்ட் பொத்தானை அமர்த்த நான் கையை நீட்டினேன். அவர் என் கையை மெல்ல விலக்கினார். நான் அமர்த்தினால் என்ன, எனக்கு இன்று சாதாரண நாள்தானே என்றேன்.

"ஓர் உயிருக்காக இந்த நாளை மீறவேண்டி வந்தால், மீறுகிறவன் நானாக இருக்க வேண்டும். இதை வேறொருவர் தலையில் போடக்கூடாது."

சொல்லிவிட்டுத் தன் விரலால் பொத்தானை அமர்த்தினார். எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் சனிக்கிழமையில் அவர் தொட்ட முதல் பொத்தான் அது. முற்றத்தைக் கடக்கும்போது இரண்டு ஜன்னல்கள் மூடப்படுவதைக் கேட்டேன். வீதிக்கு வந்து டாக்ஸியை மறித்தேன். ஏறும்போதும் என் தோளைப் பிடித்துக்கொண்டாரே தவிர, கதவை அவரே திறந்தார்.

காவல் நிலையத்தில் நீண்ட நேரம் காத்திருந்தோம். பிறகு ஓர் அதிகாரி எங்களை உள்ளே அழைத்தார். களைத்த மனிதர், மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். சாட்சி சொல்லப்படுவது யாரைப் பற்றி என்று தெரிந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த மனிதர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா என்று ரபியைக் கேட்டார். தெரியும், பக்கத்து வீட்டு அம்மாளின் மகன், நான் இந்த ஊருக்கு வந்த நாளில் என் பெட்டியை மேலே தூக்கி வந்து தந்தவர் என்றார் ரபி.

பிறகு தான் பார்த்ததைச் சொன்னார். சமையலறையில் தாயும் மகனும் வாக்குவாதப்பட்டார்கள். மகன் தாயின் மணிக்கட்டைப் பிடித்தார். தாய் கையை இழுத்தாள். அவர் விட்டார். அவள் பின்பக்கமாகச் சாய்ந்து பளிங்கு விளிம்பில் தலை அடிபட விழுந்தாள். அந்த நேரம் அந்தப் பெண் கீழே முற்றத்தில் இரண்டு கையிலும் பைகளோடு வந்துகொண்டிருந்தாள்.

அதிகாரி உற்சாகமானார். அந்த மனிதரை இப்படி ஒரு விஷயத்தில் பிடிக்கக் கிடைக்கும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். அப்படியென்றால் மகன் தள்ளினார் என்று எழுதலாமா என்று கேட்டார். ரபி, தள்ளியதை நான் பார்க்கவில்லை என்றார். அதிகாரி வேறு விதமாக, தள்ளியது போல இருந்ததா என்று மறுபடி கேட்டார்.

"கை பிடித்திருந்தது. பிறகு விட்டது. கைக்கும் விழுந்ததற்கும் நடுவில் அவர் மனதில் என்ன இருந்தது என்பதை நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதினால், பார்த்ததும் பொய்யாகிவிடும்."

தனி ஒருவன் சொல்லை வைத்து ஒரு மனிதனைத் தண்டிக்கத் தங்கள் சட்டம் விடாது என்றும், தான் வந்தது ஒருவரை உள்ளே போட இல்லை, உள்ளே இருக்கும் ஒருத்தியை வெளியே எடுக்க என்றும் சொன்னார். அதிகாரியின் முகம் பழையபடி களைத்துவிட்டது. இந்தக் கிழவருக்குப் பயம் என்று அவர் நினைத்திருக்கலாம். பயந்த மனிதர் டாக்ஸி பிடித்து அங்கே வந்திருக்கமாட்டார்.

எழுதி முடித்துக் கையெழுத்துக் கேட்டார்கள். இன்று எழுதக்கூடாத நாள் என்று நான் குறுக்கிட்டுச் சொன்னேன். அதிகாரி அதைப் புரிந்துகொண்டு, திங்கட்கிழமை வந்து போட்டால் போதும் என்றார். ரபி, நான் இன்று போடாவிட்டால் அந்தப் பெண் இன்று வீட்டுக்குப் போவாளா என்று கேட்டார். போகமாட்டாள், திங்கள்வரை இங்கேதான் என்றார் அதிகாரி. ரபி பேனாவை எடுத்தார். கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பெயரை முழுவதுமாக எழுதினார்.

வெளியே வந்து, மறுபடி டாக்ஸி பிடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வந்தது அவசியம், திரும்பிப் போவது அவசியமில்லை, நட்சத்திரம் வரும்வரை இங்கேயே இருப்போம் என்று வாசலுக்குப் பக்கத்திலிருந்த நீள மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். என் கம்பளிச் சட்டையை அவர் முழங்காலில் போட்டேன். பொழுது சாயும் நேரம் மிரியம் வந்தாள். எங்களைப் பார்த்துக்கொண்டு தூரத்தில் நின்றாள். பிறகு வந்து தகப்பனுக்கு மற்றப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருட்டத் தொடங்கும்போது யோகத்தை விட்டார்கள். அவள் வெளியே வந்து, எங்களைக் கண்டதும் வெட்கப்பட்டவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள். வானத்தில் நட்சத்திரம் தெரிந்ததும் மிரியத்தின் காரில் நாலு பேரும் வீட்டுக்குப் போனோம்.

நல்லபடியாக முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை.

அடுத்த வாரம் மிரியத்தின் கடை ஷட்டர் பூட்டுக்குள் யாரோ பசையை ஊற்றி இறுக வைத்திருந்தார்கள். யார் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. கட்டடத்தில் எங்களோடு பேசியவர்கள் குறைந்தார்கள். நினோ மீது வழக்கு வரவில்லை. மிரியம் என்னை வேலையிலிருந்து எடுத்துவிடுவாள் என்று காத்திருந்தேன், எடுக்கவில்லை. ஒருநாள் சமையலறையில் மட்டும், நீ செய்தது பிழையென்று என்னால் சொல்ல முடியவில்லை, ஆனால் இந்த ஊரில் இருக்கவேண்டியவள் நான் என்றாள். அடுத்த வருடம் அவள் கடையை விற்றுவிட்டுத் தகப்பனை வடக்கே கூட்டிக்கொண்டு போனாள்.

யோகத்தின் நிலைமை எல்லோரையும்விட மோசம். குற்றம் இல்லை என்று விட்டாலும், போலீஸ் கூட்டிக்கொண்டு போன பெண் என்ற பேச்சு லிபெர்த்தாவில் வாசலுக்கு வாசல் போய்விட்டது. பொலிதேயாமா பக்கம் ஒரு வீட்டில் வேலை சொல்லி வைத்தேன், முதல்நாள் சரி என்றவர்கள் மறுநாள் வேண்டாம் என்றார்கள். எங்கள் ஆட்களும் நெருப்பில்லாமல் புகையுமா என்று கதைத்தார்கள், அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கடைசியில் வடக்கே ரெஜியோ எமிலியாவில் தெரிந்த குடும்பம் ஒன்று கூப்பிட, அவள் ரயிலேறிப் போனாள். ஸ்டேஷனில் என்னிடம், "கார்மெலா அம்மாவை ஒருக்கால் பாத்திட்டுப் போவம் எண்டு ஆஸ்பத்திரிக்குப் போனனான் அண்ணை. உள்ளை விடேல்லை" என்றாள்.

கார்மெலா ஆஸ்பத்திரியிலிருந்து மகன் வீட்டுக்குப் போனாள், ஆனால் படுக்கையை விட்டு எழும்பவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே, மிரியம் கடையை விற்பதற்கு முன், இறந்துபோனாள்.

செய்தி கேட்டதும் ரபி, அங்கே போகவேண்டும் என்றார். இந்த முறை நான் மறுத்தேன். அந்த வீட்டில் நம்மை வாசலோடு திருப்பி அனுப்புவார்கள் என்றேன். அனுப்பினால் திரும்பி வருவோம், ஆனால் போகாமல் இருக்கக்கூடாது, அவர் தாயை இழந்தவர் என்றார். மிரியம் அவருடைய கறுப்புக் கோட்டை எடுத்துத் தந்தாள்.

நாங்கள் உள்ளே போனபோது கூடம் நிறைய ஆட்கள். பேச்சு நின்றது. ஒருவரும் நாற்காலி தரவில்லை. நான் ஒன்றை இழுத்து, நினோவுக்கு எதிரே வைத்து ரபியை உட்காரவைத்தேன். அவர்களுடைய வழக்கத்தில் துக்கவீட்டுக்குப் போனவர், துக்கப்படுகிறவர் முதலில் பேசும்வரை வாய் திறக்கக்கூடாது. அதனால் ரபி சும்மா இருந்தார். நினோ தரையைப் பார்த்தபடி இருந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அடுத்த அறைக்குப் போனார்கள். கடைசியில் நாங்கள் மூன்று பேர்தான்.

நினோ திட்டப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அந்த மனிதர் தலையை நிமிர்த்தி ரபியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அந்தப் பெண் எங்கே இருக்கிறாள்?"

போய்விட்டாள், தூரத்தில் வடக்கே என்றேன்.

"அம்மா கடைசிவரை அவளைத்தான் கூப்பிட்டாள்" என்றார். "வேறு யார் கையாலும் சாப்பிடவில்லை. மூன்று பேரை வைத்துப் பார்த்தேன். என் கையாலும் சாப்பிடவில்லை."

ரபி எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கையை அவர் கையின் மேல் வைத்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் அங்கே வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் ரபி என்னிடம், அந்தப் பெண்ணிடம் இன்றைக்கே சொல்லிவிடும், இது அவளுக்குச் சேரவேண்டியது என்றார்.

யோகம் வேலை செய்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். கார்மெலா செத்துப்போனதைச் சொன்னேன். கடைசிவரை உன்னைத்தான் தேடினவவாம் என்றும், வேறு ஆரின்ரை கையாலும் சாப்பிடேல்லையாம் என்றும் சொன்னேன். அவள் அழுவாள், அல்லது அந்த மகனை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"கடைசி நாளுகளிலை அவவுக்கு ஆர் அண்ணை தலை இழுத்துப் பின்னிவிட்டது?"

எனக்குத் தெரியாது என்றேன்.